டொரன்டோல நடக்கிற நன்கொடை விருந்துக்கு நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள்ல யாரைச் சொல்லலாம்?

கொட்டகலை தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியம்மா மக டொரன்டோல இருக்காங்க. அங்க மே மாசம் ஆசிய மரபு மாதம், 2002ல கனடா அரசாங்கமே அறிவிச்சதுல இருந்து வருசா வருசம் நடக்குது. இந்த வாட்டி அக்காவும் அவங்க கூட்டாளிகளும் ஒரு ஹோல் எடுத்து ராச்சாப்பாட்டோட விழா வைக்கிறாங்க, டிக்கட் வித்து வர்ற காசு நம்ம பக்கத்துத் தோட்டப் புள்ளைங்க ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறதுக்கு. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தியான்னு பல நாட்டு ஆக்களும் மேடை ஏறுவாங்க, மலையகத்துக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்காங்க, அதோட தலைமை தாங்குற பெண்கள்னு கௌரவிக்கிறதுல நம்ம ஆள் பேரும் கேட்டிருக்காங்க. யாரைச் சொல்றது? மேடையில என்ன செய்யச் சொல்றது? சின்னக் கூடை மாட்டி தேயிலைக் கொழுந்து பறிக்கிற டான்ஸ் ஆடினா போதும்னு அங்க உள்ள சிலர் சொல்றாங்களாம், எனக்கு மனசு ஒப்பல, அதான் கேக்குறேன்.

பதுளை டீச்சர்:
தங்கச்சி, நல்ல நேரத்துல கேட்டீங்க. மொதல்ல மீனாட்சி அம்மாள் பேரைச் சொல்லுங்க. கோ. நடேசய்யர் 1931ல அட்டன்ல தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கின காலத்துல அவரோட மனைவி இவங்க, கூட்டத்துல நின்னு பாட்டுப் பாடித்தான் சனத்தைச் சேத்தாங்க, சனத்துக்குத் தெரிஞ்ச மெட்டுல கங்காணி (ஆள் சேத்து வேலை வாங்குறவர்), கடன், கூலின்னு நம்ம கதையையே வச்சுப் பாடினா எழுத்து வாசிக்கத் தெரியாதவங்களுக்கும் ஏறும்ல. நூறு வருசம் ஆகப்போற கதை, நம்ம புள்ளைங்களுக்கே தெரியாது.

உயிரோட இருக்கிறவங்கதான் வேணும்னா மேனகா கந்தசாமி. செங்கொடிச் சங்கம்ங்கிற தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குப் பொதுச் செயலாளரா வந்தவங்க, தோட்டத் தொழிற்சங்கத்துல எல்லா இடத்துலயும் ஆம்பளைங்கதான் தலைவர்னு இருந்த நாட்டுல அது சின்ன விசயமில்ல. கொழும்புல வீட்டு வேலை செய்ற நம்ம பொம்பளைங்களுக்கும் சங்கம் கட்டினாங்க. அப்புறம் 2024 நவம்பர் தேர்தல்ல நுவரெலியால கிருஷ்ணன் கலைச்செல்வியும் எங்க பதுளையில அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனாங்க, மலையகத் தமிழ்ப் பொம்பளைங்க தேர்தல்ல ஜெயிச்சுப் போனது அதுதான் மொதல் தடவை. 1948ல பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க, 2003 சட்டத்தோடதான் மிச்சமிருந்தவங்களுக்கும் முழுசா கெடைச்சுச்சு, அதுக்கப்புறமும் இருவது வருசத்துக்கு மேல ஆகியிருக்கு பாருங்க ஒரு பொம்பள ஆசனத்துல உக்கார. ஆனா இப்ப பதவியில இருக்கிறவங்களைக் கூப்பிட்டா விழா அரசியல் மேடையாப் போயிரும், அதனால என் மனசுல மொதல் ரெண்டு பேர்தான்.

மஸ்கெலியா மகள்:
டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனா என் கருத்து வேற. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு, கைப்புள்ளையைப் புள்ளக்காம்பராவுல (தோட்டத்துக் கொழந்தைக் காப்பகம்) விட்டுட்டு, இடுப்புல படங்குச் சாக்கு சுத்தி கூடைக்கயித்தைத் தலையில போட்டு மலை ஏறுவாங்க. கிலோ கொறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், அம்புட்டுதான். மலையில கக்கூஸ் கிடையாது, மழை நாள்ல தலையில போத்துன கொங்காணியோட அப்படியே நிக்கணும். அந்தப் பொம்பளைங்கள்லயே ஒருத்தங்க தோட்டக் கமிட்டியில மாதர் தலைவியா இருப்பாங்க, வேலை செஞ்ச நாளுக்குப் பேர் போடலைன்னா கணக்கப்பிள்ளைகிட்ட நேருக்கு நேர் கேப்பாங்க, ஒருத்திக்கு வயித்து வலின்னா லொறி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. தலைமைன்னா இதுதானே. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே நாள் சம்பளம்னு ஆனதே 1984ல, ஸ்ட்ரைக் பண்ணி வாங்கினது, அந்த ஸ்ட்ரைக்ல இறங்கி நின்ன அம்மாமார் இன்னும் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தங்களை அஞ்சு நிமிசம் வீடியோவுல பேச வையுங்க, அவங்க பேச்சுலயே, அழுகிற மியூசிக் எதுவும் போடாம. பாவம்னு பார்த்து காசு போடுறதை விட மதிச்சுப் போடட்டும்.

டான்ஸ் பத்தி, மினுமினு பாவாடையும் கைப்பிடி அளவு கூடையும் வேண்டவே வேண்டாம்.

நோர்வூட் தம்பி:
அக்கா, மேடைக்குத் தப்பு மேளம் போடுங்க. ஒரு காலத்துல விடிய வேலைக்குக் கூப்பிட, ஆள் கூட்டுற பெரட்டுத் தப்பு அடிச்சாங்க, சாவு வீட்டுக்கும் அதுதான் திருவிழாவுக்கும் அதுதான், ஒவ்வொண்ணுக்கும் அடி வேற. எங்க பக்கம் இப்ப பொம்பளப் புள்ளைங்களும் பழகுறாங்க, அவங்க அடிச்சதை நல்ல மைக் வச்சு ரெக்கோட் பண்ணி அனுப்பலாம், அடிச்ச புள்ளைங்களுக்குக் கண்டிப்பா காசு குடுக்கணும், சும்மா வாங்கிட்டுப் போகக் கூடாது. ரதி மதன் கதையை ஆடுற காமன் கூத்தும் நம்ம சொத்துதான், ஆனா அது மாசி மாசம் கம்பம் ஊண்டி, விரதம் புடிச்சு, நாள்கணக்கா ஊரே சேர்ந்து நடத்துறது, ரதி மதன் ஆட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து சாப்பாட்டு மேசைக்கு முன்னால ஆட வச்சா எங்க மாஸ்டர்மாருக்கு மனசு நோகும். கும்மி, தாலாட்டு, ஒப்பாரி மாதிரி பொம்பளைங்க பாடுறது இருக்கு, பாட்டிமார் இருக்கும்போதே அதையும் புடிச்சு வையுங்க. ஹோல் வாசல்ல படம் வைக்கணும்னா கம்பளையில தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கு, பழைய லயத்துலயே வச்சிருக்காங்க, அனுமதி கேட்டா அங்க உள்ள பொருள்களைப் படம் எடுக்கலாம்.

தலவாக்கலை அண்ணன்:
காசு விசயத்தை மறந்துராதீங்க. ஏ.எல். விஞ்ஞானம், கணிதம் தமிழ்ல படிப்பிக்கிற பாடசாலை நம்ம பக்கம் கொஞ்சம், தோட்டத்துப் புள்ள டவுனுக்கு வந்து போடிங்ல (காசு குடுத்துத் தங்குற வீடு) நிக்கணும், இல்லைன்னா விடிய அஞ்சரை பஸ் புடிக்கணும். அதனால கொப்பி, பேக் குடுத்து போட்டோ எடுக்கிறதோட நிறுத்தாம போடிங் காசும் பஸ் காசும் ரெண்டு வருசம் முழுக்க மாசா மாசம் போற மாதிரி செய்யச் சொல்லுங்க. எங்க தோட்டத்துல ஒரு வாட்டி வெளிநாட்டுக் காசு வந்துச்சு, ஒரு தவணை குடுத்தாங்க, அடுத்த தவணை வரல, அந்தப் புள்ள இடையில நின்னு கார்மன்ட் (உடுப்புத் தைக்கிற) பெக்டரிக்குப் போயிருச்சு. எத்தனை பேருக்குக் கடைசி வரைக்கும் குடுக்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுங்க.

கொட்டகலை தங்கச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்கு அப்படியே அனுப்பிட்டேன், ராத்திரி போன்ல பேசினாங்க. மீனாட்சி அம்மாள் பேர்ல விருது, அதை வாங்கிக்கப் போறது எங்க தோட்டத்து மாதர் தலைவி ஒருத்தங்க, வீடியோவுல பேசவும் சம்மதிச்சுட்டாங்க. கொழுந்து டான்ஸை எடுத்துட்டாங்க. போடிங் காசு விசயம் கமிட்டியில பேசணுமாம், அண்ணா உங்க நம்பரை இன்பொக்ஸ்ல போடுங்க, அக்கா நேரா உங்ககிட்டயே பேசட்டும். நோர்வூட் தம்பி, அந்தத் தப்புப் புள்ளைங்க மாஸ்டர்கிட்ட ஞாயித்துக்கிழமை வந்தா பாக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க.