'ஸ்கிரீன் பிரிண்ட்': திரையச்சா, சல்லடையச்சா?

வே. (மதுரை):
அன்புள்ள குழுவினருக்கு, வியாழன் காலை ஓவிய மாணவர்களுக்கு எடுவார்டோ பவுலோட்ஸி பற்றிய பாடம். 1924-இல் ஸ்காட்லாந்தின் லீத்தில் பிறந்த சிற்பி. தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் வாழ்வையும் சிந்தனையையும் வைத்து 1965-இல் 12 அரூப ஸ்கிரீன் பிரிண்டுகள் செய்தார். 'திரையச்சு' என்று எழுதியிருந்தேன். சினிமா சுவரொட்டி என்று ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். வேறு சொல் உண்டா?

ந. (தஞ்சாவூர்):
திரை என்றால் அலை, முகச்சுருக்கம், பால்கூடத் திரைகிறது. இவ்வளவு சுமக்கும் சொல்மேல் இன்னும் ஏற்றாதீர்கள். சிலம்பின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று மேடைத்திரைகள் உண்டு. 'எழினியச்சு' என்க. 'அரூப' வேண்டாம்; 'அருவ' இருக்கிறது.

மு. (சிவகாசி):
ஐயா, எழினி மறைப்பது. எங்கள் வேலையில் மை இறங்க வேண்டும். சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுப்போம். திறந்த கண்கள் வழியே தாளில் இறங்கும். நிறத்துக்கு ஒரு சட்டம். ஆகவே 'சல்லடையச்சு'. 'சில்க் ஸ்கிரீன்' என்பார்களே என்று 'பட்டு' சேர்க்க வேண்டாம். இப்போது எல்லாம் நைலானும் பாலியெஸ்டரும்தான்.

ந.:
சல்லடை என்றால் மாவுதானே நினைவுக்கு வரும்?

செ. (கோவை):
வரட்டுமே ஐயா! துளையிட்ட கோலத்தட்டில் மாவைப் போட்டுத் தேய்த்துத் தூக்கினால் தரையில் தாமரை நிற்கிறது. அதே முறைதான் இது. மாணவிக்கு அதைக் காட்டினால் போதும்.
இன்னொன்று. பவுலோட்ஸி ஒட்டுப்படங்களைக் கொடுத்தார். அச்சிட்டவர் லண்டன் கெல்ப்ரா ஸ்டுடியோவின் கிறிஸ் பிராட்டர். மை இறங்கும் வடிவத்தைத் தரும் ஸ்டென்சில்கள் பலவற்றைக் கையால் வெட்டியவர் அவர். கெல்லி, பிராட்டர் என்ற இரு பெயர்களின் தலைகள் சேர்ந்ததே 'கெல்ப்ரா'. இயந்திர வார்ப்புகளை இணைத்துச் சிலை செய்தவருக்குத் தாளிலும் துண்டுகளை இணைக்கும் கைதான். எந்தச் சொல் வந்தாலும் பிராட்டர் பெயரைப் பாடத்தில் விடாதீர்கள்.

மு.:
அம்மா சொன்னதற்கு நன்றி. அச்சிடுபவன் பெயர் எங்கும் வருவதில்லை.

வே.:
நேரமில்லை. தலைப்பில் 'சல்லடையச்சு', அடுத்த வரியில் 'ஸ்கிரீன் பிரிண்ட்'. 'அருவ' ஏற்றேன். பிராட்டர் முதல் பத்தியிலேயே வருகிறார். கோலத்தட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

ந.:
செய்யுங்கள். எழினியை நான் கைவிடவில்லை.