கணக்குப்பிள்ளை வீட்டுக் கட்டுகள் கைக்கு வரும்போது

தமிழ்நாட்டில் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), முன்சீப் (ஊர்த் தலைமை அலுவலர்) பதவிகள் 1980-ல் ஒழிந்தன. ஆனாலும் பழைய கணக்குப்பிள்ளைகள் வீட்டுப் பரண்களில் பனையோலை ஏட்டுக் கட்டும் காகிதக் கட்டும் இன்னும் கிடக்கின்றன. உள்ளூர் வரலாற்று மையத்துக்கு அப்படி ஒரு கட்டு வந்தால் முதலில் செய்ய வேண்டியது சுத்தம் செய்வதல்ல. கட்டு வந்த கோலத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஊர், யார் வீடு, பரணா பெட்டியா, கூட என்னென்ன இருந்தன என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். ஆர்வத்தில் கயிற்றை அவிழ்த்துத் துடைத்து அடுக்கியபின் எது எதோடு இருந்தது என்பது போய்விடும். கிழிந்த ஏட்டை ஒட்டலாம், போன வரிசையை மீட்க வழியில்லை.

ஏட்டுக் கட்டை அவிழ்க்கும்போது கயிறு இற்றிருந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் துளையிலிருந்து ஓரம் வரை ஏடு பிளக்கும். கயிற்றை வெட்டி எடுத்து, அதன் நுனியில் கிளிமூக்கு (கயிறு துளையிலிருந்து நழுவாமல் கோத்த சிறு துண்டு) இருந்தால் ஒரு உறையில் போட்டு வையுங்கள். இன்னொரு துளையில் நாராசம், அதாவது ஏடுகள் நகராமல் செருகிய குச்சியோ கம்பியோ, இருக்கும். துருப்பிடித்த இரும்பு என்றால் மெல்லச் சுழற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஏட்டு எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். ௧, ௨, ௭, ௮ எல்லாம் க, உ, எ, அ போலவே தெரிவதால் புதியவர்கள் எழுத்தென்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. இங்கே சறுக்கினால் கட்டே தலைகீழாகிவிடும்.

தூசியை மெல்லிய தூரிகையால் ஏட்டின் நீளவாக்கில் தள்ளுங்கள், நார் ஓடும் திசை அதுதான். வறண்டு உடையும் நிலையில் இருந்தால் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் லேசாகத் தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி, நிழலில் ஆறவிட வேண்டும். அதிகமானால் பிசுக்கு தூசியைப் பிடிக்கும். எழுத்து தெரியவில்லை என்றதும் விளக்குக் கரியைத் தேய்க்க ஓடாதீர்கள். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், ஏட்டை ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்தாணிக் கீறல் நிழல் விழுந்து துலக்கமாகத் தெரியும். கரி பூச்சி அரித்த பள்ளத்திலும் விரிசலிலும் புகுந்துவிட்டால் பிறகு எது எழுத்து, எது கீறல் என்று பிரிக்கவே முடியாது.

*

காகிதக் கட்டில் பெரிய எதிரி குண்டூசி. துருப்பிடித்த ஊசியை உருவினால் அதைச் சுற்றியுள்ள தாள் வட்டமாகப் பிய்ந்து கூடவே வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் மைலார் (மெல்லிய பாலியெஸ்டர் படலம்) துண்டு ஒன்றைச் செருகி, மழுங்கிய கத்தியால் ஊசியின் ஒரு முனையை நெம்பித் தூக்கி, அப்புறம் நகர்த்துங்கள். ஊசி இருந்த இடத்தில் புதிதாக எதையும் குத்தவேண்டாம், அமிலமில்லாத தாளை மடித்து உறையாக்கினால் போதும்.

கிழிசலுக்கு செலோடேப் கூடவே கூடாது. சில வருடத்தில் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்பாகிவிடும், டேப் மட்டும் உதிர்ந்துவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், ஏனென்றால் அதைப் பிரிக்க முடியாது. ஜப்பானியத் திசுத்தாளைக் கையால் கிழித்து (வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியும்) கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுங்கள். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் அரை மணி நேரம் விடாமல் கிண்ட வேண்டும். மைதா வேண்டாம், அதிலுள்ள புரதம் மஞ்சளாகும், பூச்சியையும் கூப்பிடும். பைண்டிங் கடைப் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது பூச்சிக்கு நஞ்சுதான், தாளுக்கும் நஞ்சு.

பூஞ்சணம் வந்த கட்டை வெயிலில் காயப்போடாதீர்கள், மை வெளுத்துத் தாள் சுருளும். தனியே பிரித்து, நிழலில் காற்றாடி போட்டு முழுக்க உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும்.

*

மேலே சொன்னதோடு தேதி விஷயத்தையும் சேர்க்க வேண்டும், பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. கணக்கில் "ரௌத்திரி௵ ஆடி௴" (௵ வருடம், ௴ மாதம்) என்று மட்டும் இருந்தால் அது 1860-ஆகவும் இருக்கலாம், 1920-ஆகவும் இருக்கலாம், அறுபது வருடச் சுற்று அப்படி. பக்கத்தில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) இருக்கிறதா என்று தேடுங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை பசலியோடு 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1330 என்றிருந்தால் அந்த ஆடி 1920. பசலி இல்லையென்றால் முத்திரைத் தாளில் இருக்கும் முகத்தைப் பாருங்கள்: விக்டோரியாவா, ஐந்தாம் ஜார்ஜா? அதுவும் இல்லையென்றால் பட்டியலில் இரண்டு வருடத்தையும் எழுதிக் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து ஒன்றை மட்டும் எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதையே மேற்கோள் காட்டுவார்.

ஸ்கேன் பெயரிலும் உங்கள் ஊகம் வேண்டாம். கட்டு எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா, இவ்வளவு போதும். எழுத்தில்லாத வெற்று ஏட்டையும் விடாமல் எடுங்கள். வரிசையில் ஒரு எண் குறைந்தால் ஏடு தொலைந்ததா, படம் எடுக்க விட்டுப்போனதா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.