டெஸ்டில் தெரியாத சோர்வை நோய் என்பதா?

சந்தேகராமன்: நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. தைராய்டு இல்லை, ரத்தசோகை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மிஞ்சியவர் நெற்றியில் ஒட்டுகிற சீட்டு. சோர்வு யாருக்குத்தான் இல்லை?

மாடிப்படி: என் அக்காவுக்கு வருவது அந்தச் சோர்வு இல்லை சார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி துணி அலசிக் காயப்போட்டாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை தலைவாரச் சீப்பைத் தூக்க முடியவில்லை. தூங்கி எழுந்தாலும் தீரவில்லை. 2015இல் அமெரிக்காவில் வகுத்த வரையறையில் இந்தப் பிந்திய சரிவு இருந்தே ஆக வேண்டும்.

சந்தேகராமன்: 1994 வரையறையில் அது எட்டு அறிகுறிகளில் ஒன்றுதான். ஆறு மாதச் சோர்வோடு ஏதாவது நாலு இருந்தால் போதும். 1991 ஆக்ஸ்போர்டு வரையறைக்கு முடக்கிப்போடும் சோர்வு ஆறு மாதம் இருந்தாலே போதும். ஆளுக்கொரு முழக்கோல் வைத்திருந்தால் எதை நம்புவது?

மருந்துச்சீட்டு: வினையே அங்கேதான். இந்த நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிரிட்டனின் பேஸ் ஆய்வு ஆள் சேர்த்தது ஆக்ஸ்போர்டு வரையறைப்படி. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் குணம் தெரிகிறது என்று 2011இல் சொன்னார்கள். அவ்வளவு அகலமாக வாசலைத் திறந்தால் மனச்சோர்வுக்காரரும் உள்ளே வருவார், அவருக்கு நடை நல்லதுதான். வாளி தூக்கியே விழுகிறவருக்கு? 2021இல், அங்கே சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கிற நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சியைத் தர வேண்டாம் என்று எழுதிவிட்டது.

சந்தேகராமன்: சரி, பேஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் சரிவு என்பதும் நோயாளி வாயால் சொல்வதுதானே?

மருந்துச்சீட்டு: ஒற்றைத்தலைவலியும் அப்படித்தான். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து, மறுநாள் திறன் இறங்குவதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் அந்த டெஸ்டே ஆளைப் படுக்கவைத்துவிடும்.

மாடிப்படி: முதலில் பார்த்த டாக்டர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். இப்போது பார்ப்பவர் ஒரு நோட்டில் தினமும் செய்த வேலையையும் படுத்த நேரத்தையும் எழுதச் சொன்னார். மூன்று வாரத்தில் பக்கங்களைப் புரட்டியதும் அந்தச் சரிவு அவருக்கே தெரிந்துவிட்டது.

சந்தேகராமன்: அதே நோட்டை மனச்சோர்வு உள்ளவரும் எழுதலாமே தம்பி.

மாடிப்படி: எழுதட்டும். அவர்களில் பலருக்கு எதிலும் மனம் ஒட்டாது. அக்கா படுத்துக்கொண்டே, அடுத்த வாளியை என்றைக்கு ஊறவைக்கலாம் என்று கேட்கிறாள்.