சோர்ஸ் கோடை எடுத்துக்கொண்டு போனால் எந்தச் சட்டம் பாயும்?

மென்பொருள்வாசி:
வேலையை விடுகிறவர் தான் எழுதிய சோர்ஸ் கோடையும் (மென்பொருளின் மூல நிரலையும்) பிரதி எடுத்துக்கொண்டு போகிறார். நிறுவனம் நேராக சைபர் கிரைம் போலீசுக்குப் போய், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் புகார் கொடுக்கிறது. இது தவறு என்பது என் கட்சி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமை யாருக்கு என்ற தகராறுக்கு சிவில் நீதிமன்றம் இருக்கிறது. சைபர் சட்டம் பூட்டை உடைத்து நுழைகிறவனுக்கு, சாவி கொடுத்து உட்காரவைத்த ஊழியருக்கு அல்ல.

வழக்காடி:
அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவை முழுதாகப் படியுங்கள். அனுமதியின்றி நுழைவது அதில் ஒரு உட்பிரிவுதான். அனுமதியின்றித் தரவைப் பிரதி எடுப்பது 43(பி). கெடுதல் நோக்கத்தோடு சோர்ஸ் கோடைத் திருடுவதும் மாற்றுவதும் 43(ஜே). இவற்றை நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால்தான் 66 வரும்.

அப்புறம், பதிப்புரிமை என்றால் சிவில் மட்டும்தான் என்று யார் சொன்னது? 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 66-க்கும் அதிகபட்சம் 3 ஆண்டுதான், ஆனால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஊழியருக்காகப் பேசும் நீங்கள் காட்டுகிற வழிதான் அவருக்குக் கடுமையானது.

அலைவரிசை:
இரண்டு சட்டமும் சேர்ந்தே பாய்ந்த வழக்கு உண்டு. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் கைபேசிகளின் மின்னணு வரிசை எண்ணை மாற்றி, டாடா இண்டிகாம் சேவைக்கு இழுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2005-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தண்டனைச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 65 (சோர்ஸ் கோடைச் சிதைப்பது), பதிப்புரிமைச் சட்டம் 63 இரண்டையும் ரத்து செய்ய மறுத்தது.

மென்பொருள்வாசி:
சரி, தண்டனைக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இருக்கிறது. நிரலை முறைப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுக்கலாம், வேறு நிரலோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைத் தேடி எடுக்கலாம். 66-இல் அப்படி ஒரு வாசல்கூடக் கிடையாது.

வழக்காடி:
52 அனுமதித்ததைச் செய்கிறவரிடம் நேர்மையற்ற எண்ணம் எங்கிருந்து வரும்? அதோடு, வேலையின் பகுதியாக எழுதிய கோடு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, 17-ஆம் பிரிவுப்படி முதலாளிக்கே சொந்தம். "நான்தானே எழுதினேன்" என்ற வாதம் இரண்டு சட்டத்திலும் நிற்காது.

மென்பொருள்வாசி:
எண்ணம் என்ன என்பது விசாரணையின் முடிவில்தான் தெரியும். லேப்டாப்பையும் கைபேசியையும் தொடக்கத்திலேயே பறிமுதல் செய்துவிடுகிறார்கள். அதற்குள் அந்த ஊழியரின் அடுத்த வேலையும் போய்விடுகிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வழக்காடி:
அந்தக் கவலை நியாயமானது. அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நிறுவனம் குற்ற வழக்குப் போடாமலே, மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் முன்பு 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். 66-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் புகார் கொடுக்கும் முன் நிறுவனங்கள் 46-ஐப் பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.