ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனரா முழுநேரம் இறங்கலாமா?

புதுசு_டிசைனர்:
எல்லாருக்கும் வணக்கம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நல்லா வரும், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு. ஃபிக்மால டிசைன் போட்டு வேர்ட்பிரஸ்ல தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு சைட் சும்மா பண்ணிக் குடுத்திருக்கேன். வேலைய விட்டுட்டு இதையே தொழிலா பண்ணலாம்னு இருக்கு ஆனா போர்ட்ஃபோலியோல காட்ட பெருசா ஒண்ணும் இல்ல, அப்வொர்க்ல (ஃப்ரீலான்ஸ் வேலை புடிக்கிற சைட்) வேலை கேட்டு பிட் போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்குறாங்க, ரேட் எவ்ளோ சொல்றதுன்னும் புரியல. அனுபவஸ்தர்கள் சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரி_கோடர்:
வேலைய இப்பவே விடாதீங்க ப்ரோ. போர்ட்ஃபோலியோக்கு ரெண்டு சைட் போதும், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போடாம என்ன பிரச்சினை இருந்துச்சு என்ன மாத்தினீங்கன்னு நாலு வரி எழுதுங்க.
கிளையண்ட் புடிக்க, ஸ்லோவா இருக்குற சைட் ஏதாவது எடுத்து பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல (சைட் ஸ்பீட அளக்குற கூகுள் டூல்) ஓட்டிப் பாருங்க. பெரிய படமோ எழுத்தோ திரையில வர 2.5 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா கூகுள் கணக்குல அது நல்ல ஸ்பீடு இல்ல. பெரும்பாலும் மேல இருக்குற பேனர் படம்தான் காரணம், கேமராவுல எடுத்தத அப்படியே ஏத்தி வச்சிருப்பாங்க. அளவ குறைச்சு வெப்-பி ஃபார்மட்ல மாத்தினா எவ்ளோ மிச்சமாகும்னு காட்டி ஓனருக்கு ஒரு மெயில் போடுங்க, "நான் நல்ல டிசைனர்"னு நூறு பேருக்கு அனுப்புறத விட இது வேலைக்கு ஆகும்.

சிஎஸ்எஸ்_அக்கா:
ரேட்டெல்லாம் போகப் போக தெரிஞ்சுடும் தம்பி, எழுதி வாங்குறதுதான் முக்கியம். எத்தன பக்கம், எத்தன தடவ திருத்தம், எழுத்தும் ஃபோட்டோவும் யார் தர்றாங்க, எல்லாம் அக்ரிமெண்ட்ல வரணும். பாதி அட்வான்ஸ் வராம ஃபிக்மாவையே திறக்காதீங்க. மீதிப் பணத்த "சைட் லைவ் ஆனதும்"னு மட்டும் போட்றாதீங்க. டிசைன் நீங்க சட்டுன்னு முடிச்சுடுவீங்க, அவங்க "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு நாலு பாரா எழுதித் தர மாசக்கணக்கா இழுப்பாங்க, அதுவரைக்கும் உங்க காசு அங்கேயே கிடக்கும். டிசைன் ஓகே ஆனதும் ஒரு தவணைன்னு பிரிச்சுக்கோங்க.
அப்புறம் டொமைன் (சைட்டோட முகவரி), ஹோஸ்டிங் (சைட்ட வைக்கிற சர்வர் இடம்) ரெண்டும் கிளையண்ட் பேர்ல, அவங்க இமெயில்லயே இருக்கட்டும். உங்க பேர்ல இருந்து ரினியூவல் தவறிப்போச்சுன்னா திட்டு உங்களுக்குத்தான்.

புதுசு_டிசைனர்:
நன்றி அக்கா, நன்றி ப்ரோ. சைட் முடிஞ்சப்புறம் மெயின்டனன்ஸுக்குத் தனியா காசு கேக்கலாமா? சண்டைக்கு வரமாட்டாங்களா?

ராத்திரி_கோடர்:
தாராளமா கேளுங்க, வேர்ட்பிரஸ்னா ப்ளகின் (கூடுதல் வசதிக்கு சேர்க்குற சின்ன சாஃப்ட்வேர்) அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும், விட்டா ஹேக் ஆகும். புது ப்ராஜெக்ட் வராத மாசத்த ஓட்ட வைக்கிறதே இந்தக் காசுதான். முதல் கொட்டேஷன்லயே தனி வரியா போட்டுடுங்க, முடிச்சுக் குடுத்துட்டு கேட்டாதான் சண்டை. பேக்கப்ப மட்டும் அதே சர்வர்ல வைக்காதீங்க.