"உங்க பிள்ளைக்கா?" – சிறார் ஃபேண்டஸியும் கையுமாக அகப்பட்ட அனுபவங்கள்

இந்த இணையத் திரியை நானே தொடங்கி வைக்கிறேன்.

ரயிலில் எதிர் இருக்கைக்காரர் என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் ஒரு டிராகன், அதன் முதுகில் ஒரு சிறுமி, மேலே பளபளவென்று பொன்னிற எழுத்து. மறைத்துப் பிடிக்க வழியே இல்லாத அட்டை. கடைசியில் கேட்டேவிட்டார்: "உங்க பிள்ளைக்கா?"

"இல்லை, எனக்குத்தான்" என்றேன்.

அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை. முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "சின்ன வயசு ஞாபகம் வருதோ?" என்றார்.

எனக்கு எரிச்சல் தருவது இந்த இரண்டாவது கேள்விதான். சின்ன வயதில் நான் இந்த மாதிரிப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் பாடப்புத்தகமும் செய்தித்தாளும்தான். முப்பது தாண்டிய பிறகு, காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் மறந்து விட்டுப்போன ஒன்றைப் பொழுது போகாமல் எடுத்ததுதான் ஆரம்பம். ஆகவே நான் எங்கேயும் திரும்பிப் போகவில்லை. இப்போதுதான் முதல்முறையாகப் போகிறேன்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்தப் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்குச் சாவகாசம் கிடையாது. பத்து வயது வாசகருக்கு இரண்டு பக்கம் சலித்தால் மூடி வைத்துவிடுவார். அதனால் சாவு என்றால் சாவு, துரோகம் என்றால் துரோகம் என்று சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான நாவலில் அதே இடத்துக்கு வந்து சேர ஒருவர் நாற்பது பக்கம் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. (எல்லா நாவலையும் சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள்.)

இந்தக் கூச்சத்தை நம்பி ஒரு வியாபாரமே நடந்திருக்கிறது, தெரியுமா? முதல் ஹாரி பாட்டர் 1997இல் வந்தது. பெரியவர்களும் வாங்கிப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும், பிரிட்டனில் அதை வெளியிட்ட ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் 1998இல் அதே கதைக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தோடு 'பெரியவர்கள் பதிப்பு' ஒன்றைப் போட்டது. மாறியது சட்டை மட்டும்தான், கதை அதே கதை. 2000இல் நான்காம் பாகம் வரப்போகிற நேரத்தில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சிறார் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. பொதுப் பட்டியலின் மேல் இடங்களில் முந்தைய பாகங்கள் நகராமல் உட்கார்ந்திருந்தது மற்றப் பதிப்பாளர்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் புத்தகம், பெரியவர் புத்தகம் என்று கோடு போடுவதில் விற்கிறவர்களின் கை எவ்வளவு இருக்கிறது என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்தான்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். யார் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்?

*

நான் அகப்பட்டது மருத்துவமனையில்.

அம்மாவுக்குத் துணையாக இரவில் நான்தான் இருப்பேன். கனமான எதையும் படிக்கும் மனநிலை இல்லை. மெல்லிசாக, நிறையப் படங்களோடு இருக்கிறதே என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. 2011இல் வந்தது. ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர் மனத்தில் வைத்திருந்த கரு அது. எழுதி முடிக்குமுன் 2007இல் அவர் புற்றுநோயில் இறந்துவிட, பேட்ரிக் நெஸ் அதை எடுத்து எழுதினார். கதையிலும் ஒரு பையனின் அம்மாவுக்குப் புற்றுநோய். நள்ளிரவு தாண்டி 12:07க்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் அரக்கனாக எழுந்து வருகிறது. பயமுறுத்த வரவில்லை. மூன்று கதை சொல்ல வருகிறது. நான்காவதைப் பையன் சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவ்வளவும் தெரிந்திருந்தால் அந்த அறைக்குள் கொண்டுபோயிருக்கவே மாட்டேன்.

இரவுப் பணியில் ஒரு செவிலியர் வந்தார். டிரிப்ஸ் ஓடும் வேகத்தைச் சரி பார்த்தார், அம்மாவின் கையைத் திருப்பி ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் என் மடியைப் பார்த்தார். படப் புத்தகமா என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நாலாவது கதை வந்துடுச்சா?" என்றார்.

"இப்பதான் அங்க வந்திருக்கேன்."

"அப்ப வெளிய போய் உக்காந்து படிச்சுட்டு வாங்கம்மா. நான் இங்க பாத்துக்கறேன்."

படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அந்தப் பையன் மறைத்து வைத்திருக்கும் உண்மை, இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடட்டும் என்று தானும் நினைத்ததுதான். அம்மா போகக்கூடாது என்றும் இருக்கிறது, இந்தக் காத்திருப்பு தாங்கவில்லை என்றும் இருக்கிறது. அந்த நினைப்புக்கு ஒரு தண்டனை வந்தே தீரும் என்று அவன் நம்புகிறான். எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் தைரியமாக இரு, கடவுள் இருக்கிறார் என்றெல்லாம் சொன்னார்கள். 'உனக்கு அப்படித் தோன்றுகிறதா, தோன்றினால் நீ பாவி இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, நான்தான் யாரிடமும் வாயே திறக்கவில்லையே. பிள்ளைகளுக்கென்று எழுதிய ஒரு புத்தகம் அதைச் சொல்லிற்று.

அந்தச் செவிலியர் அதை எப்போது படித்தார், எதற்காகப் படித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு வேறு வார்டு.

*

நான் மின்நூல் கருவியில் படிக்கிறேன். அட்டை யாருக்கும் தெரியாது. எதிரே இருப்பவர்கள் நான் ஏதோ பொருளாதாரம் படிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே பேசும் பூனை. எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

*

கொஞ்சம் எதிர்க்கட்சியாகவும் யாராவது பேச வேண்டுமே. நானும் இந்தப் புத்தகங்களை விழுந்து விழுந்து படிக்கிறவன்தான். ஆனாலும் இங்கே எல்லோரும் அவற்றை ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறோம் என்று தோன்றுகிறது. தீர்க்கதரிசனத்தில் சொல்லப்பட்ட அநாதைப் பிள்ளை எத்தனை முறை வருவது? மூன்று பாகம் என்றால் நடுப்பாகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார்கள், எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. வில்லன் கடைசியில் தன் திட்டத்தை விலாவாரியாக விளக்கிவிட்டுத்தான் தோற்பான். பெரியவர்கள் புத்தகத்தில் இதைச் செய்தால் கிழித்துத் தொங்கவிடுவோம், இங்கே மட்டும் செல்லம் கொடுக்கிறோம்.

என்னைப் பிடித்தது வெளியாள் இல்லை, என் அக்கா மகள். அப்போது ஆறாம் வகுப்பு. அவள் படித்துக்கொண்டிருந்த வரிசையை நானும் படிக்கிறேன் என்று தெரிந்ததும் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் சுருங்கிவிட்டது. "நீங்க எதுக்கு மாமா இதப் படிக்கறீங்க?" என்றாள். நன்றாக இருக்கிறதே என்றேன். "நல்லா இருக்குதான். ஆனா நான் ஏதாவது சொல்ல வந்தா, அதுக்குள்ள நீங்க அது எங்கேர்ந்து வந்துச்சு, எந்தப் புராணத்துல இருக்குன்னு ஆரம்பிச்சுடுவீங்க."

பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் திரியில் நாம் எல்லோரும் பெரியவர்கள் நம்மைச் சிறியவர்களாகப் பார்க்கிறார்கள் என்றுதான் குறைப்படுகிறோம். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுக்கென்று இருந்த ஒரே இடத்தில் நான் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவள் படித்து முடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை. அவளே வந்து "மாமா, அந்தப் பாலம் சீன்..." என்று ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வேன். எனக்குத் தெரியாத ஒன்றை அதில் அநேகமாக எப்போதுமே சொல்லிவிடுகிறாள்.

*

அநாதைப் பிள்ளை அலுத்துவிட்டது என்கிறவருக்கு ஒரு நடுவயது விதவையின் கதை சொல்கிறேன். அதுவும் சிறார் அலமாரியில்தான் இருக்கிறது.

எங்கள் வாசிப்புக் குழுவில் நான் உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலைச் சொன்னபோது ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். பெரிய பொறுப்பிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். "பசங்க புத்தகத்துக்கு ஒரு மாசத்த வீணாக்கணுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, அது பதின்வயதினருக்கு எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டதால் எழுதப்பட்ட புத்தகம்தான். 1968இல் வந்தது. கர்வத்தில் மந்திரம் போட்டு ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிற கெட் என்ற பையன், அதற்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான். பிறகு திரும்பி நின்று அதைத் துரத்தத் தொடங்குகிறான். அவர் படித்தார். கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. போகும்போது மட்டும் "மத்ததும் இருக்கா?" என்று கேட்டார்.

1971, 1972 என்று அடுத்த இரண்டும் மளமளவென்று வந்தவை. நான்காவதான 'டெஹானு' 1990இல்தான் வந்தது. பதினெட்டு வருட இடைவெளியில் ஆசிரியருக்கு அறுபது வயது ஆகிவிட்டது, கதையும் அதற்கேற்ப மாறிவிட்டது. பழைய இளவயது நாயகி டெனார் இப்போது பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட விதவை. தீயில் வெந்த ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். உலகமே கொண்டாடிய அந்த மந்திரவாதி கெட் தன் சக்தி முழுவதையும் இழந்து அவளிடம் வந்து சேர்கிறார். போர், படையெடுப்பு எதுவும் கிடையாது. ஆடு மேய்க்கிறார்.

ஒரு ராத்திரி நேரம் கழித்து அந்த ஓய்வு பெற்றவரிடமிருந்து போன்.

"ராஜாவோட ஆளுங்க தேடி வர்றப்ப இந்தக் கெட் ஏன் ஓடி ஒளியறார்னு உங்களுக்குப் புரியுதாம்மா?"

அவமானம் என்று நினைக்கிறேன் என்றேன்.

"எனக்கு நல்லாப் புரியுது" என்றார். ஆபீஸ் பக்கம் போகவே வேண்டாம் என்று இப்போதெல்லாம் சுற்றி வேறு தெரு வழியாக நடக்கிறாராம். பழைய ஆட்கள் எதிரே வந்து "இப்ப என்ன சார் பண்றீங்க" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். அவர் அதுவரை என்னிடம் சொந்த விஷயம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் அதற்கு மேல் பேசவில்லை. புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து வயதில் 'டெஹானு'வைப் படித்தால் என்ன புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. டிராகன் புரிந்திருக்கும். அதுவும் நல்ல டிராகன்தான்.

*

எதிர்க்கட்சி நண்பரே, நடுப்பாகம் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கும் கால் வலித்திருக்கிறது. செல்லம் கொடுக்கிறோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோசமான ஒன்றைப் பாதியில் மூடி வைக்கும் பழக்கத்தை நான் சிறுவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். பெரியவர்களின் கனமான நாவலை மட்டும் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படித்து முடிக்கிறேன், யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று.

உங்கள் அக்கா மகள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏன் கொஞ்ச நாளாக என்னிடம் புத்தகம் காட்டுவதில்லை என்று இப்போது ஒரு ஊகம் இருக்கிறது.

தனிச் செய்தியில் எர்த்ஸீயை எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வெளிவந்த வரிசையிலேயே போங்கள். முதல் மூன்றும் சின்னவை, ஒரே மூச்சில் முடிந்துவிடும். நான்காவதை எடுக்குமுன் கொஞ்ச காலம் விடுங்கள். அவசரமாகப் படித்தால் 'மந்திரவாதி ஏன் சும்மா இருக்கிறார்' என்று கோபம்தான் வரும். அதற்குப் பிறகு 2001இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் வந்தன. தொகுப்பை முதலில் படியுங்கள், நாவலில் வரும் சிலரை அதில்தான் முதலில் பார்ப்பீர்கள்.