புதுப்பிப்பு: ஆட்டோகிராப் நோட்டு கிடைத்துவிட்டது

எங்கள் பிளஸ் டூ பிரிவு உபசார விழாவைப் பற்றி எழுதி, தங்கச்சிமடத்தில் வீடு மாறியபோது ஆட்டோகிராப் நோட்டு தொலைந்துவிட்டது, யாரிடமாவது அன்றைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். போட்டோ வரவில்லை, நோட்டே வந்துவிட்டது! பாம்பனில் இருக்கும் தோழி ஒருத்தி, அவள் அம்மாவின் தகரப் பெட்டியில் பழைய ஜெபமாலையோடு பத்திரமாக வைத்திருந்தாளாம்.

உப்புக் காற்றில் மை ஊறி மறுபக்கம் வரை இறங்கியிருக்கிறது. நடுப்பக்கத்தில் ஒரு மெழுகுச் சொட்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் மெழுகுவர்த்தியைக் கைமாற்றும்போது கடல் காற்றில் மூன்று தடவை அணைந்து, கடைசியில் சிஸ்டர் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தாரே, அப்போது விழுந்தது.

அப்புறம் கடைசிப் பக்கம். கிறிஸ்தவப் பாதிரியார் புனித அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்குப் போய் வந்தபோது அள்ளிய செம்மண்ணைச் சின்னப் பொட்டலமாக ஒட்டி, கீழே "மறக்காதடி" என்று மட்டும் ஒருவன் எழுதியிருக்கிறான். பேர் போடவில்லை, ஆனால் அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

சரி, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். கடலுக்குப் போகிறவர்களும் வரலாம், பாம்பனில் கூடுவோமா? நோட்டைக் கொண்டு வருகிறேன்.